நூலகத்துக்கு வந்த பணம்: ஆர்எஃப்ஐடி வாயிலுக்கா, தமிழ்ப் பட்டியலுக்கா?

நூலகக் குழு · 3 ஜூன் 2025, மாலை 6.10

அரசு உதவி பெறும் கலைக் கல்லூரி. ஏறக்குறைய 40,000 நூல்கள், பாதிக்கு மேல் தமிழ். கோஹா என்ற நூலக மென்பொருள் ஓடுகிறது, தரவு பழைய எக்செல் கோப்பிலிருந்து ஏற்றியது. இந்த ஆண்டு நூலகத்துக்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். குழுவில் பலர் ஆர்எஃப்ஐடி வாயிலும் (நூலில் ஒட்டிய வில்லையை வானலையில் படிப்பது) சுயசேவைக் கியாஸ்க்கும் வாங்கலாம் என்கிறார்கள். கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது கண்ணுக்குத் தெரியுமாம். வேறு சிலர், ஆய்விதழ்கள் எல்லாம் மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் வந்துவிட்டன, இனி நூலகர் வேலை கடவுச்சொல் கொடுப்பதுதான், செலவே வேண்டாம் என்கிறார்கள். இரண்டும் சரியாகப் படவில்லை. எதில் தொடங்குவது?

பட்டியல் மேசை · 3 ஜூன், இரவு 9.40

எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் இணையப் பட்டியலைத் திறந்து நாலு தேடல் போட்டுப் பாருங்கள். முதலில் 'ஔவையார்'. பிறகு ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்து 'ஒளவையார்'. இரண்டுக்கும் வெவ்வேறு எண்ணிக்கை வந்தால் உங்கள் தரவில் இரண்டு ஔவையார் இருக்கிறார்கள். அடுத்து 'உ.வே.சா', 'சாமிநாதையர்', 'சுவாமிநாதையர்'. மூன்றுக்கும் ஒரே நூல்கள் வர வேண்டும். பிறகு 'தமிழ் கல்வி', 'தமிழ்க் கல்வி'. கடைசியாக, அடுக்கில் நிற்கும் ஒரு நூலின் தலைப்பை அட்டையில் இருப்பதுபோலவே அடித்துப் பாருங்கள். அது வராவிட்டால் பிரச்சினை எழுத்துக்கூட்டலில் அல்ல, எழுத்துகளைச் சேமித்த விதத்திலோ தேடல் பொறியின் அமைப்பிலோ.

தேடியது வரவில்லை என்றால் மாணவர் அந்த நூல் நூலகத்திலேயே இல்லை என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். அடுக்கில் அது பத்து ஆண்டு தூசி படிந்து நிற்கும். நூல் விவரங்களை அட்டைகளில் எழுதிப் பெட்டியில் அடுக்கிய காலத்தில் பக்கத்து அட்டையாவது கண்ணில் படும். கணினிப் பட்டியலில் ஓர் எழுத்து மாறினால் வெறும் பக்கம்தான். அதனால்தான் நூலகர் வேலை சுருங்கிவிட்டது என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. எழுத்து, பெயர், பொருள்தலைப்பு (நூல் எதைப் பற்றியது என்று குறிக்கும் சொல்) மூன்றையும் சீராக வைப்பது முன்னைவிட இப்போது கூடுதல் கறாராகச் செய்ய வேண்டிய வேலை.

நூலகக் குழு · 4 ஜூன், காலை 11.05

பார்த்தேன். ஔவையார் இரண்டு வகையிலும் வேறு வேறு எண்ணிக்கை. அட்டையில் உள்ளபடி அடித்த ஐந்து தலைப்புகளில் இரண்டு வரவே இல்லை. 'பொ', 'கோ' போன்ற எழுத்துகளில் தொடங்கும் தலைப்புகள்.

சர்வர் பக்கம் · 4 ஜூன், பிற்பகல் 2.30

'பொ', 'கோ' என்று சொன்னதுமே காரணம் புரிகிறது. ஒகரக் குறியை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்று, ஒரே குறியாக 0பிசிஏ. மற்றொன்று, ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக, 0பிசி6 உடன் 0பிபிஇ. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இப்படியே. திரையில் வித்தியாசம் தெரியாது. தேடல் பொறிக்கு இரண்டும் வேறு சொற்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய தரவில் இது நிறைய வரும். தரவு முழுவதையும் ஒருமுறை என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ஒரே குறியாகச் சேர்த்துச் சேமிக்கும் முறைக்கு, மாற்றினால் தீரும். கோஹாவிலிருந்து பதிவுகளை மார்க் (நூலகப் பதிவுகளுக்கான கணினி வடிவம்) கோப்பாக இறக்கி, அதைத் திருத்தும் மென்பொருளான மார்க்எடிட்டில் யுனிகோடு சீராக்கத்தை என்எஃப்சி என்று வைத்து, அதே பதிவு எண்களின் மேல் திரும்ப ஏற்றுங்கள். புதிய பதிவுகளாக ஏற்றினால் ஒவ்வொரு நூலும் இரண்டாகிவிடும்.

இரண்டாவது விஷயம் சீப்ரா. கோஹாவோடு வரும் இந்தத் தேடல் பொறியின் இயல்பு அமைப்பு, மேலை மொழிகளுக்காக எழுதப்பட்ட எழுத்து அட்டவணையைப் பயன்படுத்துகிறது. தமிழுக்கு ஐசியு சங்கிலி, அதாவது பல மொழி எழுத்துகளையும் கையாளும் விதித் தொடர், வேண்டும். சீப்ரா அமைப்பு அடைவில் உள்ள இயல்புச் சுட்டுக் கோப்பில் (சுட்டு என்பது தேடுவதற்காகச் சொற்களைத் தொகுத்த அட்டவணை), சொல்லுக்கும் சொற்றொடருக்கும் உள்ள 'சார்மேப்' வரிகளை எடுத்துவிட்டு 'ஐசியுசெயின்' வரிகளைப் போட வேண்டும். பிறகு சீப்ராவை நிறுத்தித் தொடங்கி, சுட்டு முழுவதையும் புதிதாகக் கட்ட வேண்டும். மாறிய பதிவுகளுக்கு மட்டும் கட்டினால் பாதித் தரவு பழைய முறையிலும் பாதி புதிய முறையிலும் நிற்கும்.

ஐசியு சங்கிலிக் கோப்பைத் திறந்து, உச்சரிப்புக் குறிகளை நீக்கும் விதி அதில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகளின் மேலுள்ள குறிகளை உதிர்க்க எழுதப்படும் விதி அது. யுனிகோடில் தமிழ்ப் புள்ளியும் ஈகாரக் குறியும் அதே வகையில் சேர்க்கப்பட்டிருப்பதால் அந்த விதி அவற்றையும் உதிர்த்துவிடும். 'நீர்' சுட்டில் 'நர' ஆகிவிடும். தேடுபவர் அடிக்கும் சொல்லும் அதே சங்கிலி வழியே போவதால் ஏதோ முடிவுகள் வரும். கூடவே தேவையில்லாததும் கொட்டும். விதியை லத்தீன் எழுத்துகளுக்கு மட்டும் என்று வரம்பிடுங்கள்.

பட்டியல் மேசை · 4 ஜூன், இரவு 8.15

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். என்எஃப்சி செய்தாலும் ஔவையார் சிக்கல் தீராது. ஒ, ள என்று அடித்தது எழுத்துப்பிழை. யுனிகோடு விதிப்படி அது ஔ அல்ல. கையால்தான் திருத்த வேண்டும். 'ஒள' எங்கிருந்தாலும் 'ஔ' என்று மாற்று என மொத்தமாக ஆணை கொடுத்துவிடாதீர்கள். 'ஒளி', 'ஒளிப்பதிவு' எல்லாம் சிதைந்துபோகும். உயிர்மெய்யிலும் இதே ஆபத்து: கௌரி, மௌனி, பௌத்தம், சௌந்தரம் ஆகியவற்றைத் திருத்தப் போய் வெளி, தெளிவு, வெள்ளி அடிபடும். சொல் சொல்லாக ஒரு பட்டியல் போட்டு, முழுச் சொல் பொருந்தினால் மட்டும் மாற்றுங்கள்.

இதே வகையில் இன்னும் சில உண்டு. 'ஸ்ரீ' இரண்டு விதமாக வரும், ஸகரத்தில் தொடங்குவதும் 2005இல் யுனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவதும். 'க்ஷ' இடையே கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடுப்புக் குறி ஒளிந்திருக்கலாம். தொகுதி எண் போடும் இடத்தில் தமிழ் எண் ௧ இருக்க வேண்டிய இடத்தில் ககரம் உட்கார்ந்திருக்கும்.

நூலகக் குழு · 5 ஜூன், காலை 10.20

எங்கள் எக்செலில் ஒரு பகுதி இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கிறது. ஏறாமல் விட்ட 6,000 நூல் அளவுக்கு. நேராக மாற்றிவிடலாமா?

சர்வர் பக்கம் · 5 ஜூன், மதியம் 12.50

மாற்றலாம், வரிசை முக்கியம். முதலில் நகல் எடுத்து வையுங்கள். தமிழ் நூல்களையும் ஆங்கில நூல்களையும் தனித் தாள்களாகப் பிரியுங்கள். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் வரைந்த எழுத்துரு. எழுத்துரு மாற்றும் மென்பொருளான மாற்றிக்குக் கொடுத்தால் உண்மையான ஆங்கிலத் தலைப்பையும் அது தமிழாக்கித் தள்ளிவிடும். சேர்க்கை எண் (ஒவ்வொரு பிரதிக்கும் நூலகம் தரும் எண்), விலை, ஆண்டு உள்ள பத்திகளை மாற்றியில் விடவே கூடாது.

பாமினியில் புள்ளிக்கு அரைப்புள்ளிதான் விசை. எனவே அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்துச் சேமித்த கோப்பில் ஒவ்வொரு மெய்யெழுத்திலும் பத்தி உடையும். தாவல் பிரிப்பானே பாதுகாப்பு. மாற்றிய பின் கொம்பு வரும் எழுத்துகளைச் சோதியுங்கள். பாமினியில் கொம்பை முதலில் அடித்துப் பிறகு மெய்யை அடிப்போம். யுனிகோடில் மெய் முன்னால், குறி பின்னால். நல்ல மாற்றி இதைத் திருப்பிப்போடும், மோசமானது கொம்பை முந்தைய எழுத்தில் ஒட்டிவிடும்.

எக்செலே ஒரு வேட்டைக்காரன். சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் சேர்க்கை எண்ணின் முன்சுழிகள் போய்விடும், 13 இலக்க ஐஎஸ்பிஎன் அடுக்குக்குறி எண்ணாகச் சுருங்கும். அப்படியே சேமித்தால் திரும்பப் பெற முடியாது. தரவு இறக்குமதி வழியாகத் திறந்து, அந்தப் பத்திகளை 'உரை' என்று குறித்த பிறகே தொடுங்கள். மார்க் ஆக்கும்போது லீடர் என்ற பதிவின் தலைவரியில் 9ஆம் இடத்தில் யுனிகோடைக் குறிக்கும் சிறிய 'ஏ' இருக்க வேண்டும். அங்கே வெற்றிடம் இருந்தால் கோப்பு மார்க்-8 என்ற பழைய எழுத்துமுறை என்று எடுத்துக்கொள்ளப்பட்டுத் தமிழ் எல்லாம் குப்பையாகும்.

பட்டியல் மேசை · 5 ஜூன், இரவு 10.00

இனி பெயர்கள். தமிழ்ப் பட்டியலில் அதிகம் சிதறிக் கிடப்பது இவைதான். முன்னெழுத்துக்குப் பின் புள்ளி, இடைவெளி, 'ஐயர்' பிரித்தா சேர்த்தா, புனைபெயரா இயற்பெயரா என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு விதம் அடித்திருப்பார்கள். ஒவ்வொரு நூல் பதிவிலும் பெயரைத் திருத்திக்கொண்டே போனால் முடியாது. கோஹாவின் அதிகாரப் பதிவில் (ஒரு பெயரின் முதன்மை வடிவத்தையும் மாற்று வடிவங்களையும் சேர்த்து வைக்கும் பதிவு) ஒருமுறை செய்யுங்கள்: முதன்மை வடிவத்துக்கான புலம் 100இல் 'சாமிநாதையர், உ. வே., 1855-1942', மாற்று வடிவங்களுக்கான புலம் 400இல் உ.வே.சா., சாமிநாத ஐயர், சுவாமிநாதையர், ஆங்கில ஒலிபெயர்ப்பு வடிவங்கள். நூல் பதிவுகளை அதோடு இணைத்த பின், மாற்று வடிவங்களையும் தேடலில் சேர்க்கும் 'இன்க்ளூட் சீ ஃப்ரம் இன் சர்ச்சஸ்' என்ற விருப்பத்தை இயக்கி, சுட்டை முழுதாகக் கட்டுங்கள். அதன் பிறகு எந்த வடிவத்தில் தேடினாலும் நூல் வரும். இந்த விருப்பத்தை இயக்காமல் விட்டால் அத்தனை உழைப்பும் அதிகாரக் கோப்புக்குள்ளேயே கிடக்கும்.

உங்கள் சுழற்சியில் அதிகம் போகும் 200 ஆசிரியர்களை முதலில் எடுங்கள். மு. வரதராசனுக்கும் உ.வே.சா.வுக்கும் செய்து முடித்த அன்றைக்கே தமிழ்த்துறை மாணவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

ஆய்வு மாணவர் · 6 ஜூன், காலை 9.30

தேடுகிறவர் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. 'தமிழ்' என்று அடித்தால் 'தமிழர்', 'தமிழில்' என்று தொடங்கும் தலைப்புகள் வருவதில்லையே. அடித்ததில் தொடங்கும் சொற்களையும் காட்டும் தானியங்கி முன்பொருத்தம் இயக்கத்தில் இருப்பதாகச் சொன்னார்கள்.

சர்வர் பக்கம் · 6 ஜூன், காலை 11.45

இயக்கத்தில் இருந்தாலும் வராது. 'தமிழ்' என்ற சொல் புள்ளியில் முடிகிறது. அதை முன்னொட்டாக வைத்தால் 'தமிழ்க்', 'தமிழ்ச்' பொருந்தும். அதனால் வல்லினம் மிகும் வடிவங்கள் கிடைத்துவிடும். 'தமிழர்' என்பதில் ழகரத்துக்குப் பின் புள்ளி இல்லை, ரகரம் வருகிறது. 'தமிழில்' என்பதில் இகரக் குறி. ஆகவே புள்ளியை விட்டு 'தமிழ' என்று தேடுங்கள், எல்லாம் வரும். 'தொல்காப்பிய' என்று மகர மெய்யை விட்டுத் தேடினால் தொல்காப்பியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், தொல்காப்பியத்தில் எல்லாம் வருவதும் இதே வழியில்தான்.

சுட்டு கட்டும்போதே சொல்லின் இறுதிப் புள்ளியை உதிர்க்க ஐசியுவில் ஒரு விதி எழுதிவிடவும் முடியும்.

பட்டியல் மேசை · 6 ஜூன், மதியம் 1.10

அந்த விதி வேண்டாம் சார். 'கல்' என்று தேடினால் கலை, கல்வி, கலகம், கலப்பு அத்தனையும் கொட்டும். சிறு சொற்கள் நம்மிடம் அதிகம். அதைவிட நூல் பதிவின் 650ஆம் புலத்தில் பொருள்தலைப்பைச் சீராகப் போட்டால் தலைப்பில் எந்த உருபு வந்தாலும் கவலையில்லை. தமிழ்ப் பொருள்தலைப்பை ஒவ்வொரு நூலகமும் தன் போக்கில் வைக்கிறது. குறைந்தது உங்கள் நூலகத்துக்குள்ளாவது 'நாட்டுப்புறவியல்', 'நாட்டார் வழக்காற்றியல்' இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, மற்றதை 'காண்க' என்று இணையுங்கள். முதலாண்டு மாணவர்களுக்குத் தேடும் வகுப்பு ஒன்று எடுத்து, புள்ளியை விட்டுத் தேடும் முறையைக் காட்டினாலே பெரும்பகுதி தீரும். வாசகரின் நேரத்தைக் காப்பது, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. அதை நிறைவேற்றும் இடம் இப்போது இந்தத் தேடல் பெட்டிதான்.

அடுக்குப் பக்கம் · 7 ஜூன், மாலை 4.20

ஆர்எஃப்ஐடியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். கைக்கருவியை அடுக்கோடு நகர்த்திச் சரிபார்ப்பு எடுப்பது பார்கோடை விடப் பலமடங்கு வேகம்; வழங்கல் மேசையில் ஐந்து நூலை ஒரே தட்டில் வைத்துப் பதியலாம். வாங்குவதானால் சிலவற்றை ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுதுங்கள். நூலில் ஒட்டும் வில்லை 13.56 மெகாஹெர்ட்ஸ், ஐஎஸ்ஓ 15693 தரம். அதில் எழுதும் தரவு வடிவம் ஐஎஸ்ஓ 28560. இதைக் கேட்காமல் விட்டால் விற்பவர் தன் சொந்த வடிவத்தில் எழுதித் தருவார். நாளை வேறு நிறுவனத்தின் வாயிலோ கியாஸ்க்கோ அதைப் படிக்காது, 40,000 வில்லையையும் மறுபடி எழுத வேண்டும்.

வாயில் எதைப் பார்த்து ஒலிக்கிறது என்றும் கேளுங்கள். நூல் வழங்கப்பட்டதா என்று வில்லையிலேயே குறித்திருக்கும் ஏஎஃப்ஐ பைட்டையோ இஏஎஸ் பிட்டையோ பார்த்தால் வலையமைப்பு நின்றாலும் வேலை செய்யும். ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்கும் வாயில், சர்வர் மெதுவானால் மாணவர் போன பிறகு ஒலிக்கும்.

ஒட்டும்போது எல்லா நூலிலும் ஒரே உயரத்தில் ஒட்டாதீர்கள். மெல்லிய நூல்கள் நெருங்கி நிற்கும்போது வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று மறைத்துப் படிக்காமல் போகும். மேல், நடு, கீழ் என்று மாற்றி ஒட்டுங்கள். வெள்ளித்தாள் பதித்த அட்டை, இரும்பு அடுக்கின் பக்கத்தகடு இரண்டும் படிப்பைக் கெடுக்கும். கியாஸ்க் கோஹாவோடு பேசுவது சிப்2 நெறிமுறையில். அது மறைகுறியாக்கம் இல்லாதது. உள் வலையமைப்பில் மட்டும் திறக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று: வில்லையில் எழுதப்போவது சேர்க்கை எண். பொதுப் பதிவேட்டில் 1250, புத்தக வங்கியில் ஒரு 1250, துறை நூலகத்தில் இன்னொரு 1250 என்று இருந்தால் முன்னொட்டு கொடுத்துப் பிரித்த பிறகே ஒட்டுங்கள். தரவு சுத்தமாகாமல் ஒட்டிய வில்லை, தவறை நூலின் முதுகில் நிரந்தரமாக்கிவிடும்.

மின்வளம் · 8 ஜூன், காலை 10.00

'கடவுச்சொல் கொடுப்பதுதான் வேலை' என்பதற்கு. ஒரே நாடு ஒரே சந்தாவுக்கு 2024 நவம்பர் 25இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 மின்னிதழ்கள். ஒருங்கிணைப்பு, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நூலக வலையமைப்பு மையமான காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது; சுயநிதிக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. நீங்கள் அரசு உதவி பெறுவதால் உங்கள் கல்லூரி எந்த வகையில் வருகிறது, கல்லூரிகளுக்கு மின்னிதழும் மின்னூலும் தரும் என்-லிஸ்ட் திட்டம் எந்த நிலையில் தொடர்கிறது என்பதை இன்ஃப்ளிப்நெட்டிடம் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எல்சிவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, ஐஇஇஇ கிடைப்பது இயற்பியல், வேதியியல் துறைகளுக்குப் பெரிய வரம். தமிழ் இலக்கியத்தில் ஆய்வு செய்பவருக்கு வேண்டிய சிற்றிதழ் அந்தப் பட்டியலில் வராது. அது உங்கள் அடுக்கில் கட்டுக்கட்டாக இருக்கிறது. கட்டுரை வாரியாகப் பட்டியலிட்டால்தான் வெளிச்சத்துக்கு வரும். சந்தா பேசும் வேலை மையத்துக்குப் போனதால் கைக்கு வரும் நேரத்தை நூலகர் இதில் போட வேண்டும்.

அணுகலில் அடிக்கடி நேரும் கோளாறு: கல்லூரிக்கு இரண்டு இணைய இணைப்பு, சுமை பகிரும் கருவி நடுவில், பதிப்பகத்திடம் பதிந்தது ஒரே ஐபி. அப்போது காலையில் திறக்கும் கட்டுரை மாலையில் பணம் கேட்கும். இரண்டு இணைப்பின் வெளி ஐபியையும் பதியுங்கள். சேவை நிறுவனம் மாறினால் அன்றே மாற்றிக் கொடுங்கள். வீட்டிலிருந்து படிக்க இன்ஃப்ளிப்நெட்டின் இன்ஃபெட் சேவை வழி நுழைவு உண்டு. படிப்பை முடித்தவர்களின் கணக்கை ஆண்டுதோறும் மூட மறக்காதீர்கள். கசிந்த கணக்கு ஒன்றில் மொத்தமாகப் பதிவிறக்கம் நடந்தால் பதிப்பகம் கல்லூரி முழுவதற்கும் நிறுத்திவிடும்.

ஆய்வு மாணவர் · 8 ஜூன், இரவு 7.35

முனைவர் பட்ட ஆய்வேடுகளும் இதே நிலைதானா? இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் சில தமிழ் ஆய்வேடுகளிலிருந்து ஒரு வரியை நகலெடுத்தால் ஆங்கிலக் குறிகளாக வருகிறது.

மின்னாக்கம் · 9 ஜூன், காலை 8.50

வேர்டில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்து பிடிஎஃப் ஆக்கியவை அவை. பார்வைக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. உள்ளடக்கத் தேடலில் ஒருநாளும் வராது. இதற்கு இன்னொரு விளைவும் உண்டு: கருத்துத்திருட்டு சோதிக்கும் மென்பொருள் இந்த உரையை எதோடும் ஒப்பிட முடியாது. யுஜிசியின் 2018 விதிகளில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. பழைய எழுத்துருவில் வந்த ஆய்வேடு 2 சதவீதம் காட்டினால் அதை நேர்மைக்குச் சான்றாக எடுக்கக் கூடாது. யுனிகோடில் மட்டுமே வாங்குவது என்று நூலகம் விதி வைக்க வேண்டும். ஏற்கெனவே வந்தவற்றைப் படமாக்கி, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் வழியே புது உரை அடுக்கு கொடுங்கள்.

ஓசிஆர் பற்றியும் இங்கேயே. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணை, லை, ளை, னை துதிக்கைக் கொம்போடு வரும். ணா, றா, னா சுழித்துச் சேர்ந்திருக்கும். புது எழுத்தில் பயிற்றிய பொறி இவற்றில் தடுக்கி விழும். ரகரமும் காலும் ஒன்றுக்கொன்று மாறும், மங்கிய அச்சில் புள்ளி காணாமல் போகும். 300 டிபிஐக்குக் குறையாமல், சாம்பல் நிறத்தில் எடுங்கள். கறுப்பு வெள்ளையாக எடுத்தால் மெல்லிய புள்ளிகள் முதலிலேயே போய்விடும். ஏ4 பக்கம் 300 டிபிஐ சாம்பலில், சுருக்காமல் 8.7 எம்பி. 250 பக்க ஆய்வேடு 2.2 ஜிபி, 500 ஆய்வேடு 1.1 டெராபைட். மூலப்படத்தை இரண்டு இடத்தில் வைக்கும் வட்டுச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

ஆய்வேடுகளுக்கு டிஸ்பேஸ் என்ற களஞ்சிய மென்பொருளைப் போடுவதாக இருந்தால் உங்கள் ஹேண்டில் (ஆவணத்தின் நிலையான இணைய முகவரி) முன்னொட்டைப் பாருங்கள். 123456789 என்று இருந்தால் அது நிறுவும்போது வரும் மாதிரி எண். எத்தனையோ கல்லூரிக் களஞ்சியங்கள் அதோடேயே ஓடுகின்றன. நிலையான முகவரி என்று மேற்கோளில் கொடுத்தது சர்வர் மாறியதும் செத்துப்போகும். முதல் கோப்பை ஏற்றுவதற்கு முன் உண்மையான முன்னொட்டைப் பதிந்து வாங்குங்கள்.

மின்வளம் · 9 ஜூன், பிற்பகல் 3.15

நூலகருக்கு இந்த ஆண்டு கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. தரமான ஆய்விதழ்களுக்கான யுஜிசி-கேர் பட்டியலை நிறுத்திவிட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. எந்த இதழ் தரமானது என்று முடிவு செய்யும் பொறுப்பு நிறுவனத்திடமே வந்துவிட்டது. ஆசிரியர்கள் கேட்டு வருவது நூலகத்துக்குத்தான். இதழ்களுக்கான அடையாள எண் தரும் ஐஎஸ்எஸ்என் இணையதளத்தில் எண்ணும் தலைப்பும் வெளியீட்டாளரும் பொருந்துகிறதா, இதழின் இணைய முகவரி அங்கே பதிந்ததேதானா என்று பாருங்கள். நகல் இதழ்கள் உண்மையான எண்ணையே திருடிப் போடுகின்றன, முகவரியில்தான் பிடிபடும்.

செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் மேற்கோள்களுக்கும் சோதனை வேண்டும். கட்டுரையின் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணைத் திறந்தால் அதே கட்டுரை வருகிறதா, தொகுதியும் பக்கமும் அந்த ஆண்டுக்குப் பொருந்துகிறதா. இல்லாத கட்டுரைக்கு இருக்கும் ஆசிரியர் பெயரையும் இருக்கும் இதழையும் சேர்த்து அது கொடுக்கும். பெயர் தெரிந்ததாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

நூலகக் குழு · 10 ஜூன், காலை 10.40

அப்படியானால் வரிசை: காப்புநகல், என்எஃப்சி, ஐசியு சுட்டு, பாமினி 6,000, பெயர் அதிகாரப் பதிவு, ஐபி பதிவு. ஆர்எஃப்ஐடி அடுத்த ஆண்டு. இந்த ஆண்டுத் தொகையில் பெரும்பகுதியைப் பட்டியலாளர் இருவருக்கு ஓராண்டுச் சம்பளமாகக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். கருவிக்கு என்று ஒதுக்கியதைச் சம்பளத்துக்கு மாற்ற விடுவார்களா என்பதுதான் கவலை.

பட்டியல் மேசை · 10 ஜூன், மதியம் 12.05

சம்பளம் என்று கேட்காதீர்கள். 'பின்னோக்கிய பட்டியலாக்கம்' (ஏற்கெனவே உள்ள நூல்களைக் கணினிப் பட்டியலில் ஏற்றுவது) என்று பதிவுக்கு இவ்வளவு என்ற விலையில் பணி ஒப்பந்தமாகக் கேளுங்கள். அதற்கு நிதித்துறையில் தடை குறைவு. ஒப்பந்தத்தில் மாதிரிச் சோதனை வையுங்கள்: ஒவ்வொரு 500 பதிவிலும் 25ஐ நூலைக் கையில் வைத்துச் சரிபார்ப்பது, இரண்டுக்கு மேல் பிழை இருந்தால் அந்த 500ஐயும் திருப்பி அனுப்புவது. தமிழ் படித்தவர்களை எடுக்கச் சொல்லுங்கள். ஔ எது, ஒள எது என்று கண்ணால் பிடிப்பவர் வேண்டும்.

சர்வர் பக்கம் · 10 ஜூன், மதியம் 12.30

காப்புநகல் எடுத்ததோடு நிறுத்தாமல், வேறொரு கணினியில் அதை மீட்டு, தமிழ்த் தலைப்புகள் கேள்விக்குறி ஆகாமல் திறக்கிறதா என்று பார்த்த பிறகு என்எஃப்சியில் கை வையுங்கள்.